பால்மாப் பேணியில் பதினான்கு வள்ளங்கள்

பிலிப்புவின் பால்மாப் பேணியில் கிடந்த வெள்ளியை உருக்கச் சொன்னது நான்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குருநகரில் யாரைக் கேட்டாலும் வெள்ளிவேலை பிலிப்புவைப் பற்றி ஏதாவது சொல்வார்கள். இந்தப் பகுதியை மட்டும் சொல்லமாட்டார்கள், ஏனென்றால் அவர்களுக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் நாலே பேர்.

என் பெயர் மிரியம். முப்பத்தொரு வருடம் அரசாங்கத்தில் மருந்தாளராக இருந்து ஓய்வு பெற்றவள். மெதடிஸ்த வீட்டில் பிறந்து, குருநகர்ப் பேதுருவைக் கட்டிக்கொண்டு இந்தக் கரைக்கு வந்தேன். பேதுரு போய்ச் சேர்ந்து ஒன்பது வருடமாகிறது. அவருடைய ஊர் எனக்கு ஒட்டிவிட்டது, அவருடைய சொரூபங்கள் ஒட்டவில்லை. கண் நோவுக்கு வெள்ளிக் கண், கால் முறிவுக்கு வெள்ளிக் கால் என்று செய்து புனிதரின் காலடியில் வைப்பதை நான் வாய்விட்டுப் பகிடி பண்ணியவள். ஆண்டவருக்கு வெள்ளி எதற்கு என்று கேட்கிற வாய் என்னுடையது. இந்தக் கதையில் எல்லா வேலையையும் அந்த வாய்தான் பார்த்தது.

எங்கள் வளவுக்கும் பிலிப்புவின் பட்டடைக்கும் நடுவில் ஒரு தகர வேலி. பட்டடை என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். வீட்டோடு சேர்த்து இறக்கிய ஒரு சாய்ப்பு, ஒரு உமிச்சட்டி, ஒரு ஊதுகுழல், நாலு சுத்தியல், ஓயாமல் பாடும் ஒரு வானொலி. பிலிப்புவுக்கு அறுபத்துமூன்று வயது, என்னிலும் இரண்டு வயது இளையவர். மூக்குக்கண்ணாடியின் ஒரு கால் உடைந்து பல வருடம். வலைநூலால் காதில் கட்டியிருப்பார். புதுக் கண்ணாடி வாங்கச் சொன்னால், இதுவே இன்னும் அறுந்துபோகவில்லையே என்பார்.

அவர் வேதக்காரப் பத்தர். தலைமுறை தலைமுறையாகத் தட்டார் வேலை செய்த குடும்பம், எந்தக் காலத்திலோ ஞானஸ்நானம் பெற்றது. தகப்பன் சூசைதான் பொன்வேலையை விட்டு வெள்ளிக்கு மாறியவர். கரைச் சனத்துக்குத் தங்கத்தைவிட வெள்ளியால்தான் அதிகம் தேவை என்று அவர் கண்டுபிடித்திருந்தார். பிலிப்புவுக்குத் தங்கம் என்றாலே முகம் கோணும்.

"தங்கம் வந்தால் வீட்டிலை சண்டை வரும் அக்கா. வெள்ளி எண்டால் பிள்ளைக்கு அரையிலை, பொம்பிளைக்குக் காலிலை, சாமிக்குக் காலடியிலை. ஆரும் அடிபடமாட்டினம்."

வெள்ளியைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினால் அவரை நிறுத்த முடியாது. இந்தக் குடாநாட்டில் ஒரு குன்றிமணி அளவு வெள்ளிகூட யாரும் தோண்டி எடுத்ததில்லை, எல்லாம் கடலால் வந்தது என்பார். ஒல்லாந்தர் கொண்டுவந்த காசு, இராணியின் தலை போட்ட ரூபாய், அக்கரைத் தோணிகளில் வந்த கட்டி. பத்தர் கையில் அவை அரைஞாணாகும், காற்சங்கிலியாகும், கலியாண வீட்டுப் பன்னீர்ச்செம்பாகும். பேரப்பிள்ளை காலத்தில் பன்னீர்ச்செம்பு மறுபடி உருக்கும் மூசைக்குள் போய்க் கோயில் விளக்காகும். ஒரு செம்பைக் கையில் எடுத்தால் அதற்குள் எத்தனை பேருடைய கொலுசும் எந்த ராசாவின் தலையும் கிடக்கிறதென்று யாருக்கும் தெரியாது.

"வெள்ளிக்குச் சாவில்லை," என்று முடிப்பார். நூறு தரம் கேட்டிருப்பேன்.

தொண்ணூற்றைந்தில் யுத்தத்துக்குப் பயந்து வலிகாமம் முழுவதும் எழும்பி ஓடியபோது, நீர்வேலிப் பக்கத்தில் பல வீட்டுக்காரர் தட்டம், செம்பு, குத்துவிளக்கு எல்லாவற்றையும் வாழைத் தோட்டத்தில் புதைத்துவிட்டுப் போனார்களாம். கிணற்றிலிருந்து மூன்றாவது வாழை என்று அடையாளம் வைத்தவர்கள் திரும்பிவந்து பார்த்தால் வாழை குட்டிபோட்டு அடுத்த வரம்புக்கு நடந்துபோய்விட்டது. தோட்டம் முழுவதையும் கிண்டித்தான் எடுத்தார்கள். அவர்கள் திரும்பிவந்த வருடம் முழுக்கப் பிலிப்பு, கரி பிடித்த வெள்ளியைப் புளித்தண்ணீரில் ஊறப்போட்டு வெளுத்துக் கொடுத்தார். கை ஆறுமாதம் புளி மணத்தது, சோற்றுக்குக் குழம்பே தேவைப்படவில்லை என்று சொல்லிச் சிரிப்பார். அந்தக் காலத்தில் அவர் நிறையச் சிரிப்பார்.

ஆனால் அவருடைய பேர் நின்றது வள்ளத்தால்.

கடலுக்குப் போனவன் சொன்ன நேரத்துக்குத் திரும்பாவிட்டால், வீட்டுக்காரர் இருக்கிற வெள்ளியைக் கழற்றிக்கொண்டு பட்டடைக்கு ஓடிவருவார்கள். அந்தோணியாருக்கு ஒரு வெள்ளி வள்ளம், அதாவது ஒரு சின்னப் படகு, செய்து வைப்பது நேர்த்தி. விரல் நீளத்தில் பிலிப்பு அதை அடிப்பார். முன் மூக்கில், சொரூபத்துச் சங்கிலியில் கொழுவுவதற்கு ஒரு வளையம் வைப்பார். அந்த வளையத்தின் இரண்டு முனையையும் ஒட்டமாட்டார். ஒரு நூல் நுழையும் அளவுக்குத் திறந்துவிடுவார். போனவன் கரையில் கால்வைத்து, அவனே பட்டடை வாசலில் வந்து நின்றபிறகுதான் ஒட்டுகிற பொடியை வைத்து நெருப்பை ஊதி அதை மூடுவார். முந்தி மூடினால் வருகிறவனுக்கு வாசலை அடைத்த மாதிரி என்று தகப்பன் சொல்லிவிட்டுப் போன கட்டளை. வேறெந்தப் பத்தருக்கும் இப்படியொரு பழக்கம் இருந்ததாக நான் கேள்விப்படவில்லை. ஆனால் குருநகரில் "பிலிப்பு வளையம் ஊதிட்டாராம்" என்று ஒரு சொல் கேட்டால் போதும், ஆள் வந்து சேர்ந்துவிட்டான் என்று அர்த்தம்.

வராதவர்களின் வள்ளத்தை யாரும் திருப்பி வாங்க வருவதில்லை. வாங்கினால் ஆள் இல்லை என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். பிலிப்புவாலும் அதை மூட முடியாது, விற்க முடியாது. அடியில் ஊசியால் பேரையும் வருடத்தையும் கீறி, ஒரு பழைய பால்மாத் தகரப் பேணிக்குள் போட்டுவைப்பார். மொத்தம் பதினான்கு. முதலாவது அறுபத்துநாலாம் ஆண்டுப் புயலுக்குப் போனவருடையது, அது தகப்பனின் கைவேலை. யுத்த காலத்தில் போனவர்கள் ஏழு பேர். கடல் கொண்டதா, கடலில் வைத்து வேறு யாரும் கொண்டார்களா என்று பேணி கேட்பதில்லை.

பதினான்கு வீட்டுக்காரரில் ஒருவர் மட்டும் வந்துகொண்டிருந்தார். கத்தரீனா. எண்பத்தொரு வயது. மகன் கிறிஸ்ரோபர் தொண்ணூற்றிரண்டில் பத்தொன்பது வயதில் போனவன். அந்தோணியார் திருநாளுக்கு முதல்நாள், ஆனி மாதத்தில், வருடம் தவறாமல் கத்தரீனா பட்டடைக்கு வந்து உட்காருவார். பிலிப்பு பேணியைத் திறந்து அந்த வள்ளத்தை எடுத்து அவர் உள்ளங்கையில் வைப்பார். கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு, "சரி, வை," என்று திருப்பிக் கொடுப்பார். கண்ணில் வெண்படலம் விழுந்தபிறகும் வந்தார்.

போன வருடம் ஆவணியில் பிலிப்புவின் ஒரே மகன் எமில்ராஜ் சொந்தப் படகு எடுத்தான். இருபத்தேழு வயது. ஆறு வருடம் மற்றவனுடைய படகில் தொழில் செய்தவன். நீல நிற ஃபைபர் படகு, புது இயந்திரம். அதன் அணியத்துக்குள், அதாவது முன் மூக்கின் உட்பக்கத்தில், தன் கையால் ஒரு வெள்ளிச் சிலுவை அடித்துப் பதிக்க வேண்டுமென்று பிலிப்பு ஆசைப்பட்டார். வேலிக்கு மேலால் என்னிடம் முறையிட்டார்.

"என்னட்டை ஒரு பிடி வெள்ளி இல்லை அக்கா. இஞ்சை கிடக்கிறதெல்லாம் சனத்தின்ரை. இப்ப விக்கிற விலைக்கு வாங்கவும் ஏலாது."

"பேணியுக்கை கிடக்கிறது ஆரின்ரை?"

அவர் ஊதுகுழலைக் கீழே வைத்தார்.

"உதைத் தொடக்கூடாது."

"ஏன் தொடக்கூடாது? வெள்ளிக்குச் சாவில்லை எண்டு நீர்தானே ஊருக்குச் சொல்லுறனீர்? அறுபது வருசமாப் பேணியுக்கை கறுத்துப்போய்க் கிடக்கிறதுக்கு என்ன பேர், சீவியமோ? எடுத்து உருக்கும். உம்மடை பிள்ளையின்ரை படகிலை சிலுவையா இருக்கட்டும். கடலுக்குப் போனவை ஒருக்கால் கடலைப் பாத்திட்டு வரட்டும்."

கடைசி வசனத்தை ஏன் சொன்னேனோ தெரியாது. சொல்லும்போது அழகாக இருந்தது.

பிலிப்பு மூன்று நாள் யோசித்தார். நான் மூன்று நாளும் விடவில்லை. நாலாம் நாள் காலையில் அவர் என்னைக் கூப்பிட்டார். நான் என்னுடைய பழைய மருந்துத் தராசையும் பெரிதாக்கும் கண்ணாடியையும் எடுத்துக்கொண்டு போனேன். உருக்குவதென்றால் ஒழுங்காக உருக்க வேண்டும், யாருடையது எவ்வளவு என்று ஒரு பதிவு இருக்க வேண்டும் என்பது என் வாதம். ஒவ்வொரு வள்ளமாக நிறுத்தேன். அடியில் கிடந்த பேரை வாசித்து, ஒரு தாளில் இலக்கம் போட்டு, பேர், வருடம், நிறை என்று எழுதினேன். கையெழுத்து மருந்துச் சீட்டுக் கையெழுத்து. பதினான்கு வரி.

கத்தரீனாவின் வள்ளம் வந்தபோது பிலிப்பு அதைக் கைக்குள் மூடிக்கொண்டார்.

"இதை விடுவம் அக்கா. மனுசி வருவா."

"ஆனிக்குத்தானே வருவா? அதுக்கிடையிலை இதே அளவிலை ஒண்டு அடிச்சு வையும். கண் தெரியாத மனுசிக்கு எது எண்டு தெரியவே போகுது?"

அவர் என்னைப் பார்த்தார். பிறகு அதையும் மூசைக்குள் போட்டார்.

உருகிய வெள்ளி ஆறும்போது சிலவேளை துப்பும். காற்றிலுள்ள ஒட்சிசனைக் குடித்துவைத்திருந்து, இறுகும் நேரத்தில் வெளியே தள்ளும், அவ்வளவுதான். துப்பாமலிருக்கப் பத்தர்கள் மேலே கரித்தூள் போட்டு மூடுவார்கள். நாற்பது வருடம் மறக்காத பிலிப்பு அன்றைக்கு மறந்துவிட்டார். வெள்ளி இறுகி வரும்போது சட்டென்று கொப்பளித்து நாலு பக்கமும் தெறித்தது. ஒரு துளி அவருடைய மணிக்கட்டில் விழுந்தது. அவர் சூட்டுக் காயத்தைப் பார்க்கவில்லை, நெற்றியில் சிலுவை போட்டார். நான் ஒட்சிசன் கதையை விளங்கப்படுத்தினேன். அவர் தலையாட்டினார், கேட்கவில்லை.

புரட்டாதியில் படகை மந்திரித்து இறக்கினார்கள். பங்குச் சுவாமி தீர்த்தம் தெளித்தார், எமில்ராஜின் தாய் ஜெசிதா பலகாரம் கொடுத்தார், உள்ளங்கை அகலச் சிலுவை அணியத்துக்குள் நாலு ஆணியில் மினுங்கியது. எமில்ராஜ் என்னைக் கண்டு சிரித்தான்.

"அன்ரி, மெதடிஸ்ற் ஆக்கள் படகிலை ஏறினால் அந்தோணியார் கோவிக்கமாட்டாரோ?"

"அவர் கோவிச்சால் நான் மருந்து தாறன். நீ கவனமா ஓடு."

சிலுவை எதில் செய்தது என்று அவனுக்குத் தெரியாது, ஜெசிதாவுக்கும் தெரியாது. பிலிப்பு மணிக்கட்டில் கட்டிய துணியைத் தடவிக்கொண்டு நின்றார். அதன்பிறகு அவர் வானொலியைப் போடுவதைக் குறைத்துக்கொண்டார். எமில்ராஜ் தொழிலுக்குப் போகும் நாட்களில் வேலையே நடக்காது; உமிச்சட்டிக்கு முன்னால் இருந்து வாசலைப் பார்த்தபடியே இருப்பார். கத்தரீனாவுக்காக அடிக்க வேண்டிய வள்ளத்தை அடிக்கவுமில்லை. கேட்டால், ஆனி வரை காலம் கிடக்கு என்பார்.

கார்த்திகைக் கடைசியில் நாலு நாள் காற்று. ஐந்தாம் நாள் ஓய்ந்தமாதிரி இருந்தது. எமில்ராஜ் காற்றுக்கு முன் விட்டிருந்த நண்டு வலையை இழுவைப் படகுகள் வந்து அறுத்துக்கொண்டு போய்விடும் என்று பயந்தான். அவனோடு தொழிலுக்குப் போகும் கொலின்ஸ் காய்ச்சலில் படுத்திருந்தான். மருந்து கொடுத்ததும் நான்தான், எழும்பக்கூடாது என்று சொன்னதும் நான்தான். எமில்ராஜ் தனியே போனான். வலையைத் தூக்கிக்கொண்டு விடியத் திரும்பிவிடுவதாகச் சொல்லியிருந்தான்.

காலை பத்து மணிக்குக் கொலின்ஸ் போர்வையைச் சுற்றிக்கொண்டு பட்டடைக்கு வந்தான்.

"அப்பு, எமில் வரேல்லை. போனும் வேலை செய்யேல்லை. ஆக்கள் தேடப் போகினம்."

பத்துப் படகுகள் போயின. மத்தியானத்துக்குப் பிறகு காற்று மறுபடி எழும்பியது, படகுகள் திரும்பிவந்தன, எமில்ராஜ் வரவில்லை. ஜெசிதா இரண்டு காலிலும் கிடந்த சங்கிலியைக் கழற்றிப் பிலிப்புவின் மடியில் வைத்தார்.

"கெதியா அடியுங்கோ. நான் நேர்ந்திட்டன்."

பிலிப்பு முழு வெள்ளியையும் போட்டு அடித்தார், மிச்சம் பிடிக்கவில்லை. அதனால் அந்த வள்ளம் மற்றவற்றைவிடத் தடித்து, கனமாக வந்தது. வளையத்தை வளைத்துவிட்டு, நடுவில் நூல் விட்டுப் பார்த்தார். இன்னொருமுறை விட்டுப் பார்த்தார். பிறகு வெறும் பேணிக்குள் அதை வைத்தார். தகரத்தில் பட்ட சத்தம் எனக்குக் கேட்டது.

ஜெசிதா உள்ளே போனபிறகு என்னிடம் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"அந்தப் பதினாலு பேரும் அவனோடை படகிலை போயிருக்கினம் அக்கா. என்ன?"

"விசர்க்கதை கதையாதேயும். இயந்திரம் நிண்டிருக்கும். வாடைக்காத்து தெற்கே தள்ளும். நெடுந்தீவுப் பக்கம், இல்லாட்டி அக்கரையிலை ஒதுங்கியிருப்பான். எத்தினை பேர் அப்பிடி வந்தவை."

இதை நான் நம்பித்தான் சொன்னேன். ஆனால் வீட்டுக்கு வந்து அந்தத் தாளை எடுத்து மேசை லாச்சிக்குள், பைபிளுக்கு அடியில் வைத்தேன். பைபிளுக்கு அடியில் ஏன் வைத்தேன் என்று என்னையே கேட்டுக்கொள்ளவில்லை.

அவன் காணாமல்போன ஆறாம் நாள் காலையில் ஜெசிதா கத்தரீனாவைக் கையில் பிடித்துக் கூட்டிக்கொண்டு பட்டடைக்கு வந்தார். கிழவி ஆறுதல் சொல்ல வந்திருக்கிறார் என்று நினைத்தேன். உட்கார்ந்ததும் கையை நீட்டினார்.

"பிலிப்பு, என்ரை பிள்ளையின்ரை வள்ளத்தை எடு."

பிலிப்பு அசையவில்லை.

"ஆனி இல்லை எண்டு தெரியும். எடு."

பேணிக்குள் ஒன்றே ஒன்று கிடந்தது. ஜெசிதா பக்கத்தில் நின்றார். பிலிப்புவின் முகத்தை நான் பார்த்தேன், அவர் என்னைப் பார்த்தார். பிறகு பேணிக்குள் கைவிட்டு, எமில்ராஜின் வள்ளத்தை எடுத்துக் கத்தரீனாவின் உள்ளங்கையில் வைத்தார்.

கத்தரீனா அதை ஏந்திப் பார்த்தார். "என்ன, கனமாக் கிடக்கு," என்றார். "எனக்குத்தான் சத்தில்லையாக்கும்."

பெருவிரலால் வளையத்தைத் தடவித் திறந்த இடத்தைக் கண்டுபிடித்தார்.

"முப்பது வருசத்துக்கு மேலை நான் இதைத் திறந்தே வைச்சிருக்கிறன். செத்தவைக்குச் சொல்லுற செபத்தை ஒருநாளும் அவனுக்குச் சொன்னதில்லை. இண்டைக்குச் சொல்லப்போறன். நான் என்ரை பிள்ளையை விடுறன், ஆண்டவர் உன்ரை பிள்ளையைத் தரட்டும். ஒரு தாய் இவ்வளவுதான் குடுக்கலாம். இந்தா, பிலிப்பு. வளையத்தை மூடு."

ஜெசிதா விம்மிக்கொண்டு கிழவியின் காலடியில் உட்கார்ந்துவிட்டார்.

"பேந்து செய்யலாம் ஆச்சி," என்றார் பிலிப்பு.

"பேந்து எண்டால் என்ரை மனம் மாறிப்போடும். இப்ப செய். நான் இருந்து கேக்கிறன்."

அந்த இடத்தில் ஒரு வசனம் போதும். இது உங்கள் பிள்ளையுடையது இல்லை, அதை உருக்கிவிட்டோம், உருக்கச் சொன்னது நான்தான். அவ்வளவுதான். பிலிப்புவால் சொல்ல முடியாது. சொன்னால், மகனைத் தேடிக்கொண்டிருக்கும் ஜெசிதாவிடம், வராத பதினான்கு பேருடைய வெள்ளியை அவன் படகில் அடித்துவிட்டேன் என்று சொல்லவேண்டும். என்னால் முடிந்திருக்கும். அவர் மறுபடியும் என் பக்கம் திரும்பினார். மற்ற நாளெல்லாம் கேட்காமலே திறக்கும் என் வாய் அன்றைக்குத் திறக்கவில்லை. வெட்கத்தால் மூடிக்கொண்டிருந்தேன். எனக்கு என் மதிப்புப் பெரிதாக இருந்தது.

பிலிப்பு சின்னக் குறடு ஒன்றை எடுத்தார். வளையத்தின் முனை இரண்டையும் நெருக்கினார். வெண்காரம் தடவி, பொடி வைத்து, ஊதுகுழலை வாயில் வைத்தார். முதல் ஊதலில் மூச்சுப் போதவில்லை. இரண்டாம் தரம் ஊதினார். நெருப்பு நீலமாக நீண்டது, பொடி மினுங்கி ஓடிப் பிடித்தது. மூன்று நொடி வேலை. அவர் தன் கையாலேயே தன் பிள்ளையின் வளையத்தை மூடினார்.

தண்ணீரில் போட்டு ஆற்றி, கத்தரீனாவின் கையில் திருப்பி வைத்தார். கிழவி விரலால் பார்த்தார், இடைவெளி இல்லை. நித்திய இளைப்பாற்றி என்று தொடங்கும் செபத்தைத் தடுமாறாமல் கடைசிவரை சொன்னார். கிறிஸ்ரோபர் என்று அவர் சொன்ன இடத்தில் பிலிப்பு காதைப் பொத்திக்கொண்டார். ஜெசிதா அதைக் காணவில்லை, நான் கண்டேன். செபம் முடிந்ததும் கிழவி வழக்கம்போல வள்ளத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

அன்று பின்னேரம் தெருவில் இரண்டு பேர் வந்து எமில் வந்திட்டானா என்று கேட்டார்கள். பிலிப்பு வளையம் ஊதும் சத்தம் கேட்டதாம்.

ஒன்பதாம் நாள் படகு கிடைத்தது. நெடுந்தீவின் தென்கரையில், கல்லில் மோதி ஒரு பக்கம் பிளந்து ஒதுங்கியிருந்தது. இயந்திரம் இருந்தது. பாதி வலை உள்ளே இழுத்துப் போட்டபடி, அதில் நண்டு செத்து நாறிக் கிடந்தது. எமில்ராஜின் ஒரு செருப்புக் கிடந்தது. அவன் இல்லை. கொலின்ஸும் ஆட்களும் அதைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள். பிலிப்பு யாரோடும் கதைக்காமல் படகுக்குள் ஏறி, அணியத்துக்குள் தலையை விட்டு, உளியால் சிலுவையைக் கழற்றி எடுத்தார். உப்புத்தண்ணீர் பட்டு அது கறுத்துப்போயிருந்தது. பேணியில் கிடந்தபோது வள்ளங்கள் இருந்த அதே கறுப்பு.

வலையை இழுக்கும்போது தவறி விழுந்திருப்பான். தனியே போனவன், கை கொடுக்க ஆளில்லை. நான் இதைத்தான் நம்புகிறேன். இப்போதும் அதைத்தான் சொல்வேன். சொல்லிவிட்டு மேசை லாச்சியைத் திறந்து அந்தத் தாளைப் பார்ப்பது வேறு விசயம்.

நாலு நாள் பட்டடைக்குள் சுத்தியல் சத்தம் கேட்டது. அவர் என்னைக் குற்றம் சொல்வார் என்று காத்திருந்தேன். ஏசியிருந்தால் நான் பிழைத்திருப்பேன். ஐந்தாம் நாள் காலையில் வேலிக்கு மேலால் தலை தெரிந்தது.

"அக்கா, உங்கடை தாள் கிடக்கோ?"

"கிடக்கு."

"எடுத்துக்கொண்டு வாங்கோ."

போனேன். ஜெசிதா சுவரில் சாய்ந்து இருந்தார். கத்தரீனாவையும் கொலின்ஸை அனுப்பிப் பிலிப்பு கூப்பிட்டிருந்தார். கொலின்ஸ் அவரை இருத்திவிட்டுப் போய்விட்டான். பலகையில் வெள்ளைத் துணி விரித்து, பதினான்கு வள்ளங்கள் வரிசையாக நின்றன. சிலுவையை உருக்கி அடித்தவை. இரண்டு தரம் உருகியதில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, எல்லாம் முன்னையதைவிட மெல்லியதாக இருந்தன. எல்லா வளையமும் திறந்திருந்தது. ஒரு பக்கமாக, பதினைந்தாவதாக, தடித்த வள்ளம். அதன் வளையத்தை அரத்தால் அறுத்துத் திறந்திருந்தார். அறுத்த வாய் கரடுமுரடாகத் தெரிந்தது.

"வாசியுங்கோ," என்றார்.

நான் வாசித்தேன். ஒவ்வொரு பேருக்கும் அவர் ஒரு வள்ளத்தைத் திருப்பி, ஊசியால் பேரையும் வருடத்தையும் கீறினார். பதினோராவது பேர் கிறிஸ்ரோபர், தொண்ணூற்றிரண்டு. கீறி முடித்து அதை எடுத்துக்கொண்டுபோய்க் கத்தரீனாவின் கையில் வைத்தார்.

"இது லேசாக் கிடக்கு," என்றார் கிழவி. முகம் மலர்ந்தது. "இது என்ரை பிள்ளையின்ரைதான்."

பிறகு பெருவிரல் வளையத்துக்குப் போனது. அங்கேயே நின்றது.

"இது திறந்தெல்லோ கிடக்கு?"

ஜெசிதா சுவரிலிருந்து நிமிர்ந்தார்.

"நான் மூடுவிச்சனான். என்ரை கையாலை தடவிப் பாத்தனான்." அவர் வெண்படலம் விழுந்த கண்ணை எங்கள் எல்லார் பக்கமும் திருப்பினார். "அப்ப அண்டைக்கு ஊதி மூடினது ஆரின்ரை?"

பிலிப்புவின் உதடு அசைந்தது. இந்தமுறை நான் அவரைப் பேச விடவில்லை. எல்லாவற்றையும் நான் சொன்னேன். பேணி, தராசு, சிலுவை, கண் தெரியாத மனுசிக்குத் தெரியவே போகுது என்று சொன்னது, மூடும்போது வாய் திறக்காமல் நின்றது. ஒரு சொல்லையும் மிச்சம் வைக்கவில்லை. எட்டு நாள் பிந்திச் சொன்னேன் என்பது எனக்குத் தெரியும்.

கத்தரீனா வள்ளத்தைப் பொத்திப் பிடித்தபடி, "ஐயோ, அந்தச் செபத்தை நான் உன்ரை பிள்ளைக்கோ சொன்னனான்," என்று ஜெசிதாவின் பக்கம் கையை நீட்டினார். அந்தக் கையை ஜெசிதா பிடிக்கவில்லை. தட்டிவிடவுமில்லை. எழுந்துவந்து, தடித்த வள்ளத்தை எடுத்து, அறுத்த இடைவெளிக்குள் நகத்தை நுழைத்துப் பார்த்தார். நகம் போனது. அதைப் பேணிக்குள் வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"அந்தத் தாளிலை என்ரை பிள்ளையின்ரை பேரையும் எழுதுங்கோ. வருசம் போடாதேங்கோ."

ஜெசிதா என்னோடு கதைத்த கடைசிக் கதை அது. நான் பதினைந்து என்று இலக்கம் போட்டு, எமில்ராஜ் என்று எழுதினேன். வருடத்துக்கான இடம் இன்னும் வெறுமையாகவே கிடக்கிறது.